மிதி வாங்கின பேராண்டிக்கு

போன பொங்கலுக்கு நீ வந்து இறங்கினப்போ முதுகுல ஒரு பை, கையில ஒரு பை. முதுகுல இருந்தது பிடிலுன்னு தெரியும். கையில இருந்த தட்டையான பெட்டியைப் பார்த்துட்டு, பேரன் தாத்தாவுக்கு எடை பாக்குற மெஷின் வாங்கியாந்திருக்கான்னு ஏறி நிக்கப் போனேன். நீ போட்ட கூச்சல்ல உங்க அப்பாயி அடுப்புல பாலை விட்டுட்டு ஓடியாந்தா. அப்புறந்தான் சொன்னே, அது மல்டி எஃபெக்ட்ஸ் பெடலுன்னு. விலையையும் சொன்னே. ஒரு கறவை மாட்டு விலை. மாடா இருந்தா பாலாவது கறக்கும்னா அப்பாயி. நான் உன் பக்கம்தான் பேசினேன், ஞாபகம் வச்சுக்க. "மிதிச்சாலும் திருப்பி உதைக்காத மாடுடி இது"ன்னேன்.

எனக்கென்னடா தெரியும்? கொழாய் கட்டிப் பிழைச்சவன். பனைமரத்துல ஏறி ஸ்பீக்கர் கட்டி, காது குத்துல இருந்து கருமாதி வரைக்கும் முப்பத்தஞ்சு வருஷம் மைக்செட் போட்டேன். சங்கீதம் எனக்குத் தெரியாது. சங்கீதம் கெட்டுப்போற இடம் மட்டும் நல்லாத் தெரியும். எல்லாக் கச்சேரியிலயும் நான் உக்காந்திருந்த இடம் அதுதானே.

அன்னிக்குத் திண்ணையில கடையை விரிச்சே. முதல்ல பிடிலை நேரா என் பழைய ஆம்ப்ளியோட மைக் ஓட்டையில சொருகினே. தந்தியை இழுத்தா, கொசு பாடுது. அடிக்கொரல் மொத்தமும் காணோம், மேல் கீச்சல் மட்டும் காதைக் குத்துது. "ஆம்ப்ளி பழசு தாத்தா, அதான்"னு சொல்லிட்டே. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அந்த ஆம்ப்ளி உங்க அப்பன் கல்யாணத்துக்கே பாடினது, அதுக்கு ஒரு குத்தமும் இல்லை.

உன் பிடில் பாலத்துக்கு அடியில இருக்கே ஒரு சின்னச் சில்லு, பீசோன்னு சொன்னியே, அது எனக்குப் பழைய சொந்தக்காரன். எங்க காலத்து ரெக்கார்டு பிளேயர் முள்ளுக்குள்ள கிரிஸ்டல்னு ஒண்ணு இருக்கும். அழுத்தினா துளி மின்சாரம் விடும். ரெண்டும் ஒரே ஜாதி. மழைக்காலத்துல அந்த உப்புக் கிரிஸ்டல் ஈரம் குடிச்சுச் செத்துப்போகும், அதுக்கே எத்தனை முள்ளு மாத்தியிருப்பேன். அதைத் தெரியாத்தனமா மைக் ஓட்டையில சொருகினா இதே கொசுப்பாட்டுத்தான். அது ஆத்து மணல்ல தோண்டின ஊத்து மாதிரி. கொட்டாங்குச்சியால பைய மொண்டா தெளிஞ்ச தண்ணி கொடுக்கும். வாளியைப் போட்டு வாரினா சேறுதான். மைக் ஓட்டைங்கிறது வாளி. சில ஆயிரம் ஓம்தான் அதோட தடை. பீசோவுக்குக் குறைஞ்சது 1 மெகாஓம் வேணும், அதுக்கு மேல 10 மெகாஓம் வரைக்கும் கிடைச்சா இன்னும் குளிர்ந்து பேசும். தடை குறைஞ்சா முதல்ல ஓடிப்போறது அடிக்கொரல்தான்.

அதனால பெட்டி வாங்குறவன் உள்ள எத்தனை சத்தம் இருக்குன்னு எண்ணுறதை விட்டுட்டு, கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல போட்டிருக்குற உள்வாங்குத் தடையைப் படிக்கணும். நீ படிச்சியா? படிச்சிருக்க மாட்டே, பாட்டரி டார்ச்சு வாங்கினாலும் வெளிச்சத்தை என் மூஞ்சியில அடிச்சுத்தான் பாப்பே. உன் பெட்டியில 1 மெகாஓம்னு இருந்தது, பிழைச்சே. இல்லாதவன் நடுவுல ஒரு ப்ரீ ஆம்ப்ளி வைக்கணும். பிடிலுக்குள்ளயே 9 வோல்ட் பாட்டரி போட்டு ப்ரீ ஆம்ப்ளி வர்றதும் உண்டு, அவனுக்கு இந்தக் கவலை இல்லை. பாட்டரி தீர்ற அன்னிக்குச் சத்தம் கரகரன்னு ஆகும், அப்ப அவன் வில்லுக்கு ரெசின் தேச்சுக்கிட்டே உக்காந்திருப்பான்.

சரி, பெட்டி வழியாப் போட்டே. அடிக்கொரல் திரும்பி வந்தது. நான் மகராசனா இருடான்னு வாழ்த்துறதுக்குள்ள முதல் மிதியை மிதிச்சே பாரு, ரைஸ் மில்லுல பெல்ட் அறுந்து அடிக்கிற சத்தம். கோழி ரெண்டு கூரைக்குப் போயிடுச்சு. "டிஸ்டார்ஷன் தாத்தா"ன்னு பெருமையாச் சொல்றே.

இந்த இடத்துலதான் எனக்கு ஒரு சந்தேகம், கிழவன் கேக்குறேன், கோவிச்சுக்காத. கிட்டார் தந்தியைத் தட்டினா டங்குன்னு பிறந்து உடனே சாக ஆரம்பிச்சுடும். அதை நீட்டிக்கிறதுக்காக அவன் கம்ப்ரஸர் வாங்கினான், டிஸ்டார்ஷன் வாங்கினான், ஸ்பீக்கர் முன்னால போய் நின்னு தவம் கிடந்தான். உனக்கு வில்லுன்னு ஒண்ணு இருக்கு. கை வலிக்கிற வரைக்கும் சத்தம் சாகாது. அவன் தவம் கிடந்து வாங்கின வரத்தை நீ பிறக்கும்போதே வச்சிருக்கே, பின்ன எதுக்கு அவன் நின்ன வரிசையில போய் நிக்கிறே? இலவச வேட்டின்னா வரிசை நீளத்தைப் பார்த்தே நிக்கிற ஊர்க்காரன்தானே நீயும்.

கம்ப்ரஸர் மெல்லிய சத்தத்தைத் தூக்கி, வலுத்த சத்தத்தை அமுக்கும். வீணைக்கும் மேண்டலினுக்கும் அது தேவைதான், தேயுற நாதத்தைக் கொஞ்சம் பிடிச்சு நிறுத்தும். வில்லு போட்ட பிடில்ல அது தூக்குறது எதைத் தெரியுமா? வில்லு தந்தியில உரசுற சரசரப்பை, உன் மூச்சை, கூடவே ஸ்பீக்கர் ஊளையையும். நாய்ஸ் கேட்டுன்னு ஒரு வாசக்காரன் வேற உள்ள இருக்கான். சத்தம் ஒரு அளவுக்கு மேல வந்தாத்தான் கதவைத் திறப்பான். கிட்டார்க்காரன் டங்குன்னு உதைச்சுத் திறந்துடுவான். நீ ஆலாபனையை மெள்ள, இருக்கா இல்லையான்னு தொடங்குவே, வாசக்காரன் தூங்குவான். நீ ரிஷபத்துக்கு வந்த பிறகுதான் சபைக்குச் சத்தமே வரும். ரெண்டையும் முதல் வேலையா அணைச்சு வை.

டிஸ்டார்ஷன் வேணும்னா வச்சுக்க, வேண்டாம்னு சொல்லலை. ஒரு தந்தியில ஒத்தைச் சுரமா வாசிச்சா அது கர்ஜனை. ரெண்டு தந்தியைச் சேர்த்து இழுத்தா ரெண்டும் உள்ள கட்டிப் புரண்டு இல்லாத மூணாவது, நாலாவது சுரத்தையெல்லாம் பெத்துப் போடும். இன்னொண்ணு. பெட்டிக்குள்ள ஆம்ப்ளி மாதிரி, ஸ்பீக்கர் பெட்டி மாதிரின்னு நடிக்கிற வித்தை இருக்குல்ல, அது கிட்டார் ஸ்பீக்கருக்குப் பண்ணினது. கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல அதிகம் பேசாது. டிஸ்டார்ஷன் போடுறப்ப அது நல்லது, எண்ணெய்ச் சட்டி பொரியுற சத்தத்தை மூடி போட்டு மூடிடும். சாதாரணமா வாசிக்கிறப்ப அதை அணைக்க மறந்தா உன் பிடில் போர்வைக்குள்ள இருந்து பேசும். நீ அன்னிக்கு நேரெதிரா வச்சிருந்தே. நான் ஒண்ணும் சொல்லலை. வெத்தலை போட்டுக்கிட்டேன்.

அடுத்து ஹார்மனின்னு ஒண்ணு மிதிச்சே. ஒரு பிடில் ரெண்டு பிடிலாச்சு. எனக்கே மயிர் கூச்செறிஞ்சது, பொய் சொல்லலை. அப்புறம் மோகனம் வாசிச்சே. அப்பாயி உள்ளே இருந்து "யாருடா அது கூட வந்து கெடுக்குறது?"ன்னா. அவ சரிகம படிச்சவ இல்லை, ஆனா நாப்பது வருஷம் கோயில் நாயனம் கேட்ட காது. அந்தப் பெட்டிக்குத் தெரிஞ்சது மேல்நாட்டு மேஜர் ஸ்கேல், நம்ம சங்கராபரணம். நீ சட்ஜமம் வாசிச்சா அது மேலே காந்தாரம் போடும், சரி. காந்தாரத்துக்குப் பஞ்சமம், சரி. தைவதத்துக்கு மேல் சட்ஜமம், அதுவும் சரி. நீ ரிஷபம் வாசிச்சா அது மத்யமம் போடும். பஞ்சமம் வாசிச்சா நிஷாதம் போடும். மோகனத்துல ம-வும் இல்லை, நி-யும் இல்லை. அழைக்காத ரெண்டு பேரைப் பந்தியில உக்கார வச்சுட்டு, சம்பந்தி முறைக்கிறாருன்னா முறைக்காம என்ன பண்ணுவாரு? மோகனம்னு இல்லை, இதைப் போட்டா எந்த ராகத்துக்கும் பெட்டி என்ன சுரம் சேர்க்குதுன்னு தாள்ல எழுதிப் பார்த்துட்டுத்தான் மிதிக்கணும். சந்தேகம்னா கீழ் எட்டுச் சுரம், ஆக்டேவ் ஒண்ணு போதும், அது எந்த ராகத்துலயும் வம்பு பண்ணாது. பிடில் செல்லோ மாதிரி கனமாப் பேசும். ஆனா பழைய பெட்டிகள் ஒரு சமயத்துல ஒரு சுரத்தைத்தான் துரத்தும். நீ கமகம்னு ஆட்டினா, ஜாருன்னு வழுக்கினா, நாய் முயலைத் துரத்துற மாதிரி முட்டி மோதி நிக்கும். அதைப் போட்டுக்கிட்டு தோடி வாசிக்கணும்னு உனக்கு ஆசைன்னா எனக்கு முன்கூட்டியே சொல்லு, வயலுக்குப் போயிட்டு வந்துடுறேன்.

இதெல்லாம் சொல்றேன்னதும் "தாத்தா, பாரம்பரியத்தைக் கெடுக்குறேன்னு திட்டுறீங்களா?"ன்னு மூஞ்சியைத் தூக்கிட்டே. அடப்பாவி, எந்தப் பாரம்பரியம்? பிடிலே கப்பல்ல வந்ததுதானே. முத்துஸ்வாமி தீட்சிதரோட தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் வெள்ளைக்காரங்கிட்ட கத்துக்கிட்டது. தஞ்சாவூர் நால்வர்ல கடைசித் தம்பி வடிவேலுவுக்கு சுவாதித் திருநாள் மகாராஜா 1834-ல தந்தத்துல பிடில் பண்ணிக் கொடுத்தாரு. மைக் இல்லாத காலத்துல பின்வரிசைக்கும் கேக்கணும்னு மைசூர் சௌடையா நாலு தந்தியை ஏழாக்கினாரு. அந்த மனுஷன் எங்கிட்ட வந்திருந்தா ரெண்டு கொழாய் கட்டிக் கொடுத்திருப்பேன், அவருக்கு மூணு தந்திச் செலவு மிச்சம். மேண்டலின் சீனிவாஸ் எட்டுத் தந்தி மேண்டலினை விட்டுட்டு அஞ்சு தந்தி எலெக்ட்ரிக்குக்குப் போனப்பவும் முணுமுணுத்தவங்க இருந்தாங்க, அப்புறம் அவங்களே முன்வரிசைக்கு டிக்கெட்டு தேடினாங்க. யாழ்ப்பாணத்துல வளர்ந்த எல். சங்கர் 1980-ல ரெண்டு கழுத்து, பத்துத் தந்தி பிடில் பண்ணச் சொல்லி, டபுள் பாஸ்ல இருந்து பிடில் வரைக்கும் ஒத்தை ஆளா வாசிச்சாரு. நீ ஃபோன்ல காட்டினியே அந்த பிரான்ஸ் நாட்டு ழான்-லுக் போந்தி, அந்த ஆளு 1970-கள்லயே ஒயரைச் சொருகிட்டாரு. நீ புதுசா ஒண்ணும் கெடுத்துடலை. கெடுக்குறதாயிருந்தா ஒழுங்காக் கெடுன்னுதான் சொல்றேன்.

ஆனா ஒண்ணு. உன் குருநாதர் முன்னால எப்படி உக்காருவே? இடதுகால் மடக்கி, வலதுகாலை முன்னால வச்சு, பிடிலோட தலை வலது கணுக்கால் மேல. ரெண்டு கையில ஒண்ணு வில்லுல, ஒண்ணு தந்தியில. இப்ப மிதிக்கிறதுக்கு எந்தக் கால் பாக்கி இருக்கு? அன்னிக்கு முழங்காலால எம்பி மிதிச்சே, பிடில் தலை தரையில இடிச்சது, சுருதி கலைஞ்சது. கிட்டார்க்காரன் நின்னுக்கிட்டு வாசிக்கிறான்னு அவனுக்காகப் பண்ணின பெட்டி. நின்னு வாசிக்கலாம்தான், முகவாயில அமுக்கிப் பிடிக்கணும். ஆனா நீ நின்னா உன் கமகம் நிக்காது. பிடில் தலை கணுக்கால்ல ஊனி இருக்கிறதாலதான் இடதுகை சுதந்திரமா மேலயும் கீழயும் வழுக்குது. தோள்தாங்கி, முகவாய்த்தாங்கி ரெண்டும் உன் எலும்புக்குத் தகுந்த மாதிரி அமையலைன்னா ஒவ்வொரு ஜாருக்கும் பிடிலே முன்னும் பின்னும் ஊஞ்சலாடும். உக்காந்துதான் வாசிப்பேன்னா, ஒரு உருப்படிக்கு ஒரு சத்தம், நடுவுல மாத்தாத. பாட்டு முடிஞ்சு மிருதங்கக்காரர் தண்ணி குடிக்கிறப்ப கையாலயே பொத்தானை அமுக்கு. யாரும் உன்னைக் கோர்ட்டுக்கு இழுக்க மாட்டாங்க.

எக்கோ விஷயத்துக்கு வர்றேன், அது என் சொந்த நிலம். மேடையேறின எவனும் என்கிட்ட கேட்ட முதல் வரம் "எக்கோ கொஞ்சம் ஏத்துப்பா". நான் பொத்தான் மேல கையை வச்சு, திருகாமலே "ஏத்திட்டேண்ணே"ம்பேன். "இப்பத்தான்யா குரல் கம்பீரமா இருக்கு"ம்பாரு. உன் பெட்டியில ரிவர்ப் நூத்துல முப்பதுன்னு போட்டு வீட்டுல ஹெட்ஃபோன்ல கேட்டு மயங்கிப் போயிடுறே. கல்யாண மண்டபத்துல தகரக் கூரையும் மொசைக் தரையும் அதே வேலையைச் சும்மாவே பண்ணுது. ரெண்டும் சேர்ந்தா உன் வாசிப்பு சாம்பார்ல விழுந்த அப்பளம். மண்டபத்துக்குப் போனதும் முதல்ல கையைத் தட்டிக் கேளு, அப்புறம் ரிவர்ப்பைத் தொடு.

டிலே அப்படி இல்லை, அதுக்குக் கணக்கு இருக்கு. 60,000-ஐ நிமிஷத்துக்கு எத்தனை தட்டுன்னு வகுத்தா ஒரு தட்டுக்கு எத்தனை மில்லி செகண்டுன்னு வரும். 120 தட்டுன்னா 500. அதுல முக்கால் 375. அந்த 375-ல வச்சுட்டு ஒத்தை ஒத்தைச் சுரமா விரலால மீட்டிப் பாரு, நீ போட்டதுக்கு நடுவுல அது வந்து உக்காரும், ஒரு ஆளு ரெண்டு ஆளா நெசவு பண்ணுவே. நீ அன்னிக்கு 410-னு ஏதோ வச்சிருந்தே. ஏன்னு கேட்டா "ஃபீலிங் தாத்தா"ங்கிறே. மிருதங்கக்காரருக்கும் ஃபீலிங் இருக்குமேடா. வரிசையையும் பாத்துக்க: டிஸ்டார்ஷன் முன்னால, டிலே பின்னால, ரிவர்ப் கடைசி. ரிவர்ப்பை முன்னால போட்டு டிஸ்டார்ஷனைப் பின்னால போட்டா, பரிமாறின பிறகு தாளிக்கிற கதை.

ஈக்வலைசர்தான் பெட்டியிலயே உத்தமமான சாமான், அதைத்தான் எவனும் திறக்குறதில்லை. பீசோவோட கீச்சல் 2,500-ல இருந்து 4,000 ஹெர்ட்ஸுக்குள்ள எங்கேயோ குடியிருக்கும். அங்கே கொஞ்சம் குறை. 100-க்குக் கீழ வெட்டிடு, மேடையில யாராவது நடந்தாக் கேக்குற தொம்தொம் போயிடும். ஆனா சர்ச்சுல உன்கூட செல்லோ வாசிக்கிறானே உன் சிநேகிதன், அவன் பெட்டியில இதே வெட்டைப் போட்டுடாத. செல்லோவோட அடித்தந்தி 65 ஹெர்ட்ஸ், கழுத்தோட போயிடும். பக்கத்துத் தெரு வீணை டீச்சர் மக உன் பெட்டியை இரவல் கேட்டுச்சாமே. கொடு, வேண்டாம்னு சொல்லலை. கோரஸை மட்டும் அணைச்சுக் கொடு. அது ஒரு நாதத்தைக் கொஞ்சம் சுருதி கலைச்சு இன்னொண்ணாக் காட்டுற வித்தை. தாளத்தந்தி மூணும் சேர்ந்து மூணு ஊரு பேசும். அந்தப் பொண்ணு உன்னைத்தான் திட்டும், பெட்டியை இல்லை.

உம்ம்னு ஒரு உறுமல் வந்துதே, அதைச் சொல்ல மறந்துட்டேன். கரெண்டுக்கும் சுருதி உண்டு. நம்ம ஊரு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அது அஞ்சு கட்டைக்குக் கொஞ்சம் மேலே நிக்கிற சுரம். அஞ்சு கட்டையில பாடுற அம்மாவுக்கு நீ பக்கவாத்தியம் போனா, உறுமல் தம்பூராவுக்குப் பக்கத்துலயே உக்காந்து அபசுருதி போட்டுக்கிட்டே இருக்கும். பெட்டியையும் ஆம்ப்ளியையும் ஒரே சுவிட்ச் போர்டுல சொருகு. உறுமல் போகலைன்னு எர்த் பின்னை மட்டும் ஒடிச்சுடாத. ஒடிச்ச ஒருத்தனை மேடையில இருந்து கட்டையால தட்டிப் பிரிச்சது நான்தான், அன்னியில இருந்து அவன் மைக்கைத் துண்டு சுத்தித்தான் பிடிப்பான். அடாப்டரும் அப்படித்தான். இந்தப் பெட்டிகள்ல பெரும்பாலும் நடுப்புள்ளி மைனஸ். வேற சாமானோட அடாப்டர் கனகச்சிதமாப் பொருந்தும், பொருந்தினதும் புகையும். ஒரு கறவை மாட்டை ஒரே சொருகல்ல கொல்ற வித்தை அது.

ராத்திரி நீ தூங்கப் போனப்போ பெட்டியைத் திண்ணையிலயே விட்டுட்டே, பிடிலோட. பனி விழுமேன்னு உள்ளே எடுத்து வைக்கத்தான் போனேன். சுவிட்சு கையில பட்டுடுச்சு. கண்ணு தெரியாம ஒரு மிதியை மிதிச்சுட்டேன். சரி, பட்டது பட்டுடுச்சுன்னு பிடில் பாலத்தை நகத்தால ஒரு சுண்டு சுண்டினேன். டொக். டொக். டொக். இருட்டுக்குள்ள ஒவ்வொண்ணாத் தேஞ்சு தேஞ்சு வைக்கப்போர் பக்கம் போச்சு. நாய் எழுந்து பார்த்துட்டுப் படுத்துக்கிச்சு. அப்புறம் எவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன்னு அப்பாயிகிட்ட கேக்காத.

காலையில "யாரு தாத்தா என் பெட்டியைத் தொட்டது?"ன்னே. பூனையா இருக்கும்னேன். டிலே 410-ல இருந்து 375-க்கு வந்திருந்ததைப் பார்த்துட்டும் நீ ஒண்ணும் பேசலை.